சுமை ஏறிய பாதை

நேபாளத்தின் நாம்சே பஜாரில் வாரச் சந்தை ரொம்பப் பிரசித்தம். அந்தச் சந்தைக்கு முந்தைய நாளொன்றில், ஊருக்கு ஏறும் பாதையோரம் சில ஆய்வாளர்கள் தலை எண்ணினார்கள். அன்று அவர்களைக் கடந்துபோனவர்கள் 545 ஆண்கள், 97 பெண்கள், 32 யாக்குகள். மனிதர்களில் சிலரை நிறுத்தி, ஆளையும் மூட்டையையும் தனித்தனியாக எடை போட்டார்கள். ஆண்கள் தூக்கியது, சராசரியாக, தங்கள் உடல் எடையில் 93 சதவீதம். பெண்கள் 66 சதவீதம். ஆண்களில் ஐந்தில் ஒருவர் உடல் எடையைவிடக் கால் பங்கு அதிகமாகத் தூக்கியிருந்தார். இந்த எடையோடு சுமார் 100 கிலோமீட்டரை ஏழு முதல் ஒன்பது நாட்களில் நடந்து வந்திருந்தார்கள். மொத்த ஏற்றத்தைக் கூட்டினால் 8,000 மீட்டருக்கு மேல் வரும். கிட்டத்தட்ட கடல் மட்டத்திலிருந்து எவரெஸ்ட் உச்சி வரைக்கும். 2005இல் ‘சயின்ஸ்’ ஆய்விதழில் வந்த கட்டுரை இது.

இதில் ஏதோ உயிரியல் ரகசியம் இருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தார்கள். ஆப்பிரிக்கப் பெண்கள் தலைச்சுமையோடு நடக்கும்போது உடலை ஊசல் மாதிரி பயன்படுத்தி ஆற்றலை மிச்சம்பிடிக்கிறார்கள் என்று முன்பே தெரிந்திருந்தது. நேபாளச் சுமைகாரர்களிடம் அப்படி ஒரு தந்திரத்தைத் தேடிப் பார்த்தார்கள், கிடைக்கவில்லை. மெதுவாக நடக்கிறார்கள், அடிக்கடி நிற்கிறார்கள், மறுபடி நடக்கிறார்கள். அவ்வளவுதான்.

2023 அக்டோபரில் நானும் ஒரு நண்பரும் அந்தப் பாதையில் எவரெஸ்ட் அடிவார முகாம் வரை நடந்தோம். லுக்லா 2,860 மீட்டர், நாம்சே 3,440, தெங்போச்சே 3,867, டிங்போச்சே 4,410, லோபுச்சே 4,940, கோரக் ஷெப் 5,164, கடைசியில் பேஸ் கேம்ப் 5,364 மீட்டர். தினம் ஏறும் உயரத்தை எக்செல்லில் போட்டு வைத்துக்கொண்டு கிளம்பிய ஆட்கள் நாங்கள். பெங்களூரு ஐடி கம்பெனிகளிலிருந்து வருஷம்தோறும் கிளம்பும் கூட்டத்தில் நாங்களும் இரண்டு பேர். மலையேற்றப் புத்தகங்கள் சில படித்திருந்தேன். அவை அத்தனையும் உச்சியைப் பற்றியவை. நடக்க ஆரம்பித்த இரண்டாம் நாளிலேயே ஒன்று புரிந்துவிட்டது. இந்தப் பாதையை உருவாக்கியது உச்சி இல்லை, மூட்டைதான். பியர் பெட்டி, ஒட்டுப்பலகை, எரிவாயு சிலிண்டர், அரிசி, முட்டை அட்டை என்று எல்லாம் ஒருவர் நெற்றியில் தொங்கிக்கொண்டு மேலே போகிறது. மூங்கில் கூடைக்குப் பெயர் டோகோ. அதை நெற்றியோடு பிணைக்கும் பட்டை நாம்லோ. ஆங்கில ‘டி’ வடிவக் கைத்தடி டோக்மா. நிற்கும்போது கூடையின் அடியில் டோக்மாவை முட்டுக் கொடுத்தால் சுமையை இறக்காமலே ஓய்வெடுக்கலாம். இந்த மூன்று பொருட்களும்தான் கும்புப் பகுதியின் நவீன வரலாற்றைச் சுமந்தவை என்று சொன்னால் மிகையில்லை.

உப்பும் உருளைக்கிழங்கும்

ஷெர்பாக்கள் சுமார் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் கிழக்குத் திபெத்தின் காம் பகுதியிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்கள். ‘ஷர்’ என்றால் கிழக்கு, ‘பா’ என்றால் மக்கள். கிழக்கத்தியர் என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். தொழிலுக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. இன்றைக்கு ஜி20 மாநாட்டுக்கு முன்னேற்பாடு செய்யும் அதிகாரிகளுக்குக்கூட ‘ஷெர்பா’ என்றுதான் பெயர். ஒரு இனத்தின் பெயர் வேலையின் பெயராகி, அப்புறம் உவமையாகவும் ஆகிவிட்டது.

மலையேறுவது இவர்களின் மரபுத் தொழில் இல்லை. சிகரங்கள் தெய்வங்களின் இருப்பிடம், அவற்றின் மேல் ஏறி நிற்க யாருக்கும் எந்த அவசியமும் இருக்கவில்லை. மரபுத் தொழில் என்று சொன்னால் யாக் வளர்ப்பு, கொஞ்சம் விவசாயம், முக்கியமாக வணிகம். 5,700 மீட்டருக்கு மேல் பனிப்பாறைகளுக்கு நடுவே இருக்கும் நாங்பா லா கணவாய் வழியாகத் திபெத்திலிருந்து உப்பும் கம்பளியும் வந்தன, தெற்கிலிருந்து தானியம் மேலே போனது. நாம்சே வியாபாரிகள் இரண்டுக்கும் நடுவே நின்று சம்பாதித்தார்கள். சுமை தூக்குவது அவர்கள் உடம்புக்குப் பழகியிருந்ததற்கு இதுதான் காரணம். மலைமேல் சுமந்தது தங்கள் சொந்தச் சரக்கை. இந்த ஒரு வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் உருளைக்கிழங்கு வந்து சேர்ந்தது. 4,000 மீட்டரில்கூட விளையும் பயிர். கும்பு சமூகத்தை 1950களில் நேரில் ஆராய்ந்த மானுடவியலாளர் கிறிஸ்டோஃப் ஃபான் ஃப்யூரர்-ஹைமண்டார்ஃப், உருளைக்கிழங்கு தந்த உபரிதான் மக்கள்தொகை பெருகவும் மடாலயங்கள் எழும்பவும் காரணம் என்று வாதிட்டார். பின்வந்த ஆய்வாளர்கள் இதை முழுதாக ஏற்கவில்லை. வணிகமும், டார்ஜிலிங் கூலியும் சேர்ந்தே அந்தச் செல்வத்தை உண்டாக்கின என்கிறார்கள். எப்படியோ, தெங்போச்சே மடாலயம் 1916இல் நிறுவப்பட்டது. அதாவது, ஆயிரம் ஆண்டுப் பழமை என்று நம் யூடியூபர்கள் வியக்கும் அந்த மடாலயம், வெள்ளைக்காரர்கள் எவரெஸ்டுக்கு வருவதற்கு வெறும் ஐந்து வருஷம் மூத்தது. 1934 பூகம்பத்தில் இடிந்தது. மீண்டும் கட்டினார்கள். 1989இல், மின்சாரம் வந்த சூட்டோடு சூடாக, மின்கசிவில் எரிந்துபோனது. இப்போது நாம் பார்ப்பது 1993இல் முடிந்த கட்டடம்.

டார்ஜிலிங்கின் சந்தை

எவரெஸ்ட் என்று ஒன்று இருப்பதே கணக்கில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரலில் சென்னை பரங்கிமலை அருகே அடிக்கோட்டை அளந்து தொடங்கிய முக்கோணங்களின் சங்கிலி, அரை நூற்றாண்டில் இமயம் வரை நீண்டது. ராதாநாத் சிக்தார் 1852இல் 15ஆம் எண் சிகரம்தான் உலகிலேயே உயரமானது என்று கணக்கிட்டார். 1856இல் அறிவிக்கப்பட்ட உயரம் 29,002 அடி. 2020இல் நேபாளமும் சீனாவும் சேர்ந்து அறிவித்தது 8,848.86 மீட்டர். முதல் கணக்குக்கும் இதற்கும் ஒன்பது மீட்டர்தான் வித்தியாசம். நேபாளத்துக்குள் காலடி வைக்க அனுமதியில்லாமல், 150 கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து எடுத்த அளவு!

கணக்குக்கு ஆள் வேண்டாம், ஏற ஆள் வேண்டும். நேபாளம் மூடிக்கிடந்ததால் 1920களின் பிரிட்டிஷ் குழுக்கள் டார்ஜிலிங்கில் கூடி, திபெத் வழியாகச் சுற்றிக்கொண்டு போயின. அதற்குள் டார்ஜிலிங்கில் ஷெர்பாக்கள் நிறையப்பேர் குடியேறியிருந்தார்கள். தேயிலைத் தோட்டங்கள், சாலைப் பணி, ரிக்ஷா இழுப்பது என்று ஒரு மலைநகரத்தின் கூலி வேலைகள் அவர்களை இழுத்தன. நம்மூரிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களை நினைத்துக்கொண்டால் இந்த நகர்வு எளிதாகப் புரியும். ஸ்காட்லாந்து வேதியியலாளர் அலெக்சாண்டர் கெல்லாஸ்தான், உயரத்தில் இவர்கள் எவ்வளவு திறமையாக வேலை செய்கிறார்கள் என்பதை முதலில் தெளிவாகக் கவனித்தவர். அவர் 1921 பயணத்தில், எவரெஸ்டை நெருங்கும் முன்பே வழியில் இறந்துபோனார். ஆனால் அவருடைய பரிந்துரை நிலைத்துவிட்டது.

பயணத்துக்கு ஆள் எடுக்கும் நாளில் வரிசையாக நிற்க வைப்பார்கள். முந்தைய துரைகள் எழுதிக்கொடுத்த சான்றிதழைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். எழுதியிருப்பதை வைத்திருப்பவரால் படிக்க முடியாது. 1928இல் உருவான ஹிமாலயன் கிளப் பின்னாளில் இவர்களுக்குப் பதிவேடு வைத்தது, சிறந்தவர்களுக்குப் ‘புலி’ பதக்கம் தந்தது. வேலைவாய்ப்பு அலுவலகமும் அதுவே, நற்சான்றிதழ் அலுவலகமும் அதுவே.

ஏழு பேர்

1922 ஜூன் 7. பருவமழை தொடங்கிவிட்டது, புதுப்பனி முழங்கால் ஆழம். முதல் இரண்டு முயற்சிகள் தோற்ற பிறகு மூன்றாவதாக ஒருமுறை பார்த்துவிடலாம் என்று மாலரி, சாமர்வெல், கிராஃபோர்ட் மூவரும் பதினான்கு சுமைகாரர்களுடன் வடக்குக் கணவாய்ச் சரிவில் ஏறினார்கள். பனி சரிந்தது. ஒன்பது பேரை ஒரு பனிச்சுவரின் விளிம்புக்கு அப்பால் அடித்துக்கொண்டு போனது. இருவரை உயிரோடு தோண்டி எடுத்தார்கள், ஏழு பேர் இறந்தார்கள். எவரெஸ்டில் ஏறும்போது நிகழ்ந்த முதல் மரணங்கள் இவை. இறந்தவர்களில் ஒருவர்கூட அந்த உச்சியை அடைய விரும்பியவர் இல்லை.

இந்த நிகழ்வை மலையேற்ற நூல்கள் ஒரு பத்தியில் கடந்துவிடும். ஆனால் அன்று உயிர் பிழைத்த ஒருவருடைய கதை நமக்கு நெருக்கமானது. ஹோவர்ட் சாமர்வெல், லண்டனில் பயிற்சி பெற்ற அறுவை மருத்துவர். ஓவியர், இசையில் ஈடுபாடு உள்ளவர். ஏழு பேரும் உள்ளூர்க்காரர்களாகவே இருந்தது அவரை அரித்தது. தங்களில் ஒருவராவது அவர்களோடு இறந்திருக்கக் கூடாதா, அவர்களுடைய இழப்பில் நாங்களும் பங்கெடுக்கிறோம் என்று காட்டவாவது, என்கிற மாதிரி பின்னால் எழுதினார். குற்ற உணர்வு என்பதைவிட, கணக்கு நேராகவில்லை என்கிற உணர்வு அது.

அந்தப் பயணம் முடிந்து ஊர் திரும்பாமல் அவர் இந்தியாவைச் சுற்றிப்பார்க்கக் கிளம்பினார். தெற்கே திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், நெய்யூர் மிஷன் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தார். வாசலில் நோயாளிகள் கூட்டம், உள்ளே ஓய்ந்துபோன ஒற்றை அறுவை மருத்துவர். கொஞ்ச நாள் ஒத்தாசை செய்யலாம் என்று தங்கினார். பிறகு லண்டனில் காத்திருந்த பதவியை உதறிவிட்டு நெய்யூரிலேயே பணியில் சேர்ந்தார். அங்கே இரண்டு தலைமுறை நோயாளிகளைப் பார்த்துவிட்டு, பிற்காலத்தில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் கற்பித்தார். 1961இல்தான் இந்தியாவை விட்டுப் போனார். நெய்யூர்ப் பக்கத்துப் பெரியவர்கள் பேச்சில் ‘சாமர்வெல் டாக்டர்’ இன்னும் இருக்கிறார். அவர் எவரெஸ்டில் 28,000 அடி வரை ஆக்சிஜன் இல்லாமல் ஏறிய மனிதர் என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. மலையேற்ற ரசிகர்களுக்கோ நெய்யூர் தெரியாது.

இடையில் 1924இல் அவர் மறுபடி எவரெஸ்டுக்குப் போனார். அந்த முறை நான்கு சுமைகாரர்கள் அதே வடக்குக் கணவாயில் சிக்கிக்கொண்டார்கள். பனி விழுந்துகொண்டிருந்தது. இரண்டு வருஷம் முன்பு ஏழு பேரை விழுங்கிய அதே சரிவு. உச்சி முயற்சிக்காகச் சேமிக்க வேண்டிய பலத்தைச் செலவழித்து நார்ட்டன், மாலரி, சாமர்வெல் மூவரும் மேலே போனார்கள். ஆபத்தான குறுக்குச் சரிவில் கயிற்றின் கடைசி வரை சாமர்வெல் சென்றார். கயிறு போதவில்லை. இரண்டு பேர் பத்திரமாக வந்தார்கள், மற்ற இருவரும் கால் இடறிச் சறுக்கினார்கள். சாமர்வெல் தன் இடுப்புக் கயிற்றை அவிழ்த்து, பனிக்கோடரியில் சுற்றி, கயிற்று முனையை ஒரு கையில் பிடித்தபடி எட்டி, இருவரையும் சட்டைக் கழுத்தைப் பற்றி இழுத்தார். நான்கு பேரும் பிழைத்தார்கள். சில நாட்களில் அவரும் நார்ட்டனும் உச்சிக்கு 300 மீட்டர் குறையத் திரும்பினார்கள். அந்த மீட்புக்குச் செலவழித்த பலம் இருந்திருந்தால் ஏறியிருப்பார்களா என்று இன்றைக்கும் சிலர் கணக்குப் போடுகிறார்கள். போட்டுக்கொள்ளட்டும். எவரெஸ்ட் வரலாற்றில் எனக்குப் பிடித்த பக்கம் அந்த மீட்புதான். முதல்முறையாக, சுமப்பவர் உயிருக்கும் உச்சிக்கும் நடுவில் எது என்று கேள்வி வந்தபோது, பதில் தயங்காமல் வந்தது.

கார் ஷெட்

1950இல் நேபாளம் கதவைத் திறந்தது. அந்த ஆண்டு டில்மனும் சார்லஸ் ஹூஸ்டனும் கும்புவுக்குள் வந்தார்கள். அவர்கள் நடந்த வழி ஏறத்தாழ நாம் இன்று நடக்கும் வழி. 1951இல் ஷிப்டன் குழு பனியருவியைச் சோதித்தது. 1952இல் சுவிஸ் குழுவுடன் டென்சிங் நார்கே, ரேமண்ட் லாம்பெர்ட்டோடு சேர்ந்து ஏறத்தாழ 8,600 மீட்டர் வரை போனார். சர்தார் என்கிற வேலைத் தலைவர் பொறுப்போடு, குழுவின் முழு உறுப்பினராகவும் ஒரு ஷெர்பா இருந்தது அதுவரை நடக்காதது.

1953 பிரிட்டிஷ் பயணம் ஒரு படையெடுப்பு மாதிரி. 362 சுமைகாரர்கள், 20 ஷெர்பாக்கள், 10,000 பவுண்டு சரக்கு. காத்மாண்டுவில் கிளம்பும் முன்பே தகராறு. குழுவினர் பிரிட்டிஷ் தூதரகத்தில் தங்கினார்கள், ஷெர்பாக்களுக்கு ஒதுக்கப்பட்டது தூதரகத்தின் கார் ஷெட். கழிப்பறை இல்லை. மறுநாள் காலை ஷெர்பாக்கள் வெளியே வந்து, ஷெட்டுக்கு முன்னாலிருந்த பாதையில் வரிசையாக நின்று சிறுநீர் கழித்தார்கள். தூதரகம் கொதித்தது. சுவிஸ்காரர்கள் எங்களோடு ஒரே இடத்தில் தங்கினார்களே என்று ஷெர்பாக்கள் கேட்டார்கள். இதை டென்சிங்கே தன் வாழ்க்கைக் கதையில் பதிவு செய்திருக்கிறார். உலகத்தின் உச்சியைத் தொட்ட பயணம் ஒரு கழிப்பறைப் பிரச்சினையில்தான் ஆரம்பித்தது.

அந்தப் பயணத்தில் யார் எதைத் தூக்கினார்கள் என்று பார்த்தால் வேறொரு கதை தெரிகிறது. மே 21 அன்று, ஏற்றம் முடங்கி நின்ற நேரத்தில், வில்ஃப்ரிட் நாய்ஸும் அன்னுல்லு என்ற ஷெர்பாவும் தெற்குக் கணவாயை அடைந்து வழி திறந்தார்கள். மே 26 அன்று தலைவர் ஹன்ட்டும் டா நம்க்யாலும் 27,350 அடி வரை சுமை கொண்டுபோய் வைத்துவிட்டு, களைத்துத் திரும்பினார்கள். மே 28 அன்று கடைசி முகாமுக்குச் சுமை ஏற்ற வேண்டும், ஆனால் ஷெர்பாக்களில் ஆங் நியிமா ஒருவரால்தான் எழுந்து நிற்க முடிந்தது. லோ, கிரெகரி, ஆங் நியிமா மூவரும், அவர்களுக்குப் பின்னால் ஹிலாரியும் டென்சிங்கும் சுமையைப் பங்கிட்டுக்கொண்டார்கள். ஹிலாரி முதுகில் 60 பவுண்டுக்கு மேல். 27,900 அடியில் கூடாரம். மறுநாள் காலை உச்சி. துரைக்கும் கூலிக்கும் நடுவிலிருந்த கோடு அந்த ஒரு நாள் அழிந்திருந்தது. வேறு வழியில்லாமல்தான், இருந்தாலும் அழிந்திருந்தது.

கீழே இறங்கியதும் கோடு திரும்ப வந்துவிட்டது. ஹன்ட்டுக்கும் ஹிலாரிக்கும் சர் பட்டம், டென்சிங்குக்கு ஜார்ஜ் பதக்கம். அன்னுல்லு, டா நம்க்யால், ஆங் நியிமா? தேடிப் படிப்பவர்களுக்கு மட்டும் தெரியும்.

ஓடுபாதையும் அதன் கணக்கும்

ஹிலாரி மற்றவர்கள் மாதிரி ஏறிவிட்டு மறந்துபோகவில்லை. கும்ஜுங் பள்ளி 1961, குண்டே மருத்துவமனை 1966. கட்டுமானப் பொருட்களைக் கொண்டுவர ஒரு விமான தளம் தேவைப்பட்டது. 1964இல் லுக்லாவில் ஷெர்பாக்களிடம் நிலம் வாங்கி ஓடுபாதை போட்டார்கள். மண் இறுகவில்லை. கிராமத்தாரைக் கைகோத்து வரிசையாக நிற்கவைத்து, காலால் மிதித்து ஆடும் அவர்களின் நடனத்தை ஆடச் சொல்லி மண்ணை இறுக்கினார்கள். 2001இல்தான் தார் போட்டார்கள்.

அந்த ஓடுபாதை எல்லாவற்றையும் மாற்றியது. காத்மாண்டுவிலிருந்து இரண்டு வார நடை அரைமணி நேரப் பறத்தலானது. பழைய வழியில் தேநீர், தங்கல் என்று பிழைத்த ஜிரிப் பக்கத்துக் கிராமங்கள் ஆள் நடமாட்டத்தை இழந்தன. திபெத் 1959க்குப் பின் மூடப்பட்டு நாங்பா லா வணிகமும் தேய்ந்திருந்தது. உப்பு இப்போது இந்தியாவிலிருந்து, கடலுப்பாக, தெற்கிலிருந்து வந்தது. வியாபாரம் போன இடத்தில் சுற்றுலா வந்து உட்கார்ந்தது. 1976இல் சாகர்மாதா தேசியப் பூங்கா. அதன்பின் ஷெர்பாக்களில் வசதி வந்தவர்கள் விடுதிகளும் நிறுவனங்களும் நடத்த ஆரம்பித்தார்கள். சொந்தச் சரக்கைச் சுமந்து, பிறகு துரையின் சரக்கைச் சுமந்த சமூகம், மூன்றாம் கட்டத்தில் சுமக்க வேறு ஆள் வைத்துக்கொண்டது. இது முன்னேற்றம்தான், அதில் சந்தேகமில்லை. லுக்லாவை விட்டு நடக்கத் தொடங்கும் இடத்தில் பாசாங் லாமு ஷெர்பாவின் நினைவு வளைவு நிற்கிறது. 1993இல் எவரெஸ்ட் ஏறிய முதல் நேபாளப் பெண். இறங்கும் வழியில் இறந்தார். அந்த ஊராட்சிப் பகுதிக்கே இன்று அவர் பெயர்.

ஆனால் கீழ்ப்பாதையில் மூட்டை தூக்குகிறவர்கள் இன்று பெரும்பாலும் ராய், தாமாங், மகர் இனத்தவர்கள். தெற்கே தாழ்ந்த மலைகளிலிருந்து வருகிறவர்கள். எங்களுடைய இரண்டு பைகளையும் ஒன்றாகக் கட்டித் தூக்கியவரும் ராய்தான். சுமார் 25 கிலோ. நேபாளியில் அண்ணனை ‘தாய்’ என்று கூப்பிடுகிறார்கள். பத்து நாட்களாக ஒரு ஆண்பிள்ளையைத் ‘தாய், தாய்’ என்று கூப்பிட்டுக்கொண்டு போனது தமிழ்க் காதுக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. ஆனால் நம்மைச் சுமக்கிறவர் என்ற அர்த்தத்தில் அது ஒன்றும் பொருந்தாமலும் போகவில்லை.

டிங்போச்சே விடுதியில், வெளிநாட்டுக் குழு ஒன்று அவரை ‘ஷெர்பா’ என்று அழைத்தது. அப்புறம் அவரிடம் இந்தியில் கேட்டேன், உங்களுக்கு அது கஷ்டமா இல்லையா என்று. சிரித்தார். அவர் சொன்னது ஏறக்குறைய இப்படி: “மொதல்ல நான் ராய், நான் ராய்னு சொல்லிட்டிருந்தேன் சார். அப்புறம் விட்டுட்டேன். டிப்ஸ் குடுக்கறவங்களுக்கு ஷெர்பான்னாதான் புரியுது.” அந்த வாரம் தசைன், நேபாளத்தின் பெரிய பண்டிகை. நம் தீபாவளி மாதிரி ஊரே வீட்டுக்குப் போகிற நேரம். சீசனும் அப்போதுதான். வீட்டுக்குப் போனால் கூலி போச்சு. அவர் போகவில்லை. இரவில் மலைச்சரிவில் கைபேசி சிக்னல் தேடி ஏறி நின்று மகளோடு பேசிக்கொண்டிருந்தார்.

மலை நடைக் குழுக்களில் ஒருவருக்கு 30 கிலோவுக்கு மேல் ஏற்றக் கூடாது என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட வழக்கம். கடைச் சரக்கு தூக்குகிறவர்களுக்கு அந்த வரம்பு கிடையாது, கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. எடையைத் தீர்மானிப்பது அவர்கள்தான் என்று இதை நியாயப்படுத்துகிறவர்கள் உண்டு. உணவு டெலிவரி ஆட்களைப் பற்றி நம் ஊர் செயலிகளும் இதையேதான் சொல்கின்றன.

பதினாறு பேர்

தூக்லாவுக்கு மேலே ஏறினால் ஒரு கணவாய் முகட்டில் கற்குவியல்களும் பிரார்த்தனைக் கொடிகளும். மலையில் இறந்தவர்களின் நினைவிடங்கள். பாபு சிரி ஷெர்பாவுக்கு அங்கே ஒன்று இருக்கிறது. 1999இல் எவரெஸ்ட் உச்சியில் ஆக்சிஜன் இல்லாமல் 21 மணி நேரம் தங்கியவர், 2001இல் பனிப்பிளவில் விழுந்து இறந்தார். தன் ஊரில் பள்ளிக்கூடம் கட்டப் பாடுபட்டவர். புத்தகங்களில் இறந்தவர்களுக்கு நடுவே இருக்கும் படிநிலை அந்த முகட்டில் இல்லை. எல்லாருக்கும் ஒரே கல், ஒரே காற்று.

2014 ஏப்ரல் 18 காலை, கும்பு பனியருவிக்கு மேலே தொங்கிய பெரும் பனிப்பாளம் உடைந்து விழுந்தது. 16 பேர் இறந்தார்கள். அத்தனை பேரும் நேபாளத் தொழிலாளர்கள். வாடிக்கையாளர்கள் வருவதற்கு முன் கூடாரமும் கயிறும் ஆக்சிஜனும் மேலே கொண்டுபோய்க்கொண்டிருந்தார்கள். மூவரின் உடல் கிடைக்கவேயில்லை. அரசு முதலில் அறிவித்தது குடும்பத்துக்கு 40,000 நேபாள ரூபாய். ஒரு ஏறுநரின் அனுமதிக் கட்டணமே அதைப்போலப் பல மடங்கு. ஷெர்பாக்கள் கோபத்தில் திரண்டார்கள். அந்த ஆண்டு நேபாளப் பக்கத்தில் ஏறமாட்டோம் என்று பெரும்பாலான குழுக்களின் தொழிலாளர்கள் இறங்கிப் போனார்கள். சீசன் நின்றது. இறந்தவர்களின் காப்பீட்டுத் தொகையை உயர்த்தும் விதி அதன்பிறகுதான் வந்தது.

1922க்கும் 2014க்கும் நடுவில் என்ன மாறியது? பனிச்சரிவின் கணக்கு மாறவில்லை. பனியருவியில் வாடிக்கையாளர் சில தடவை நடந்தால், அவருக்காகச் சுமப்பவர் பல மடங்கு தடவை நடக்கிறார். நிகழ்தகவு அவர் பக்கம்தான் சாய்ந்திருக்கும். இதற்கு என் தொழில் கணிதம்கூட வேண்டாம், பள்ளிக்கூடக் கணிதம் போதும். மாறியது வேறு ஒன்று. 1922இல் சாமர்வெல் மாதிரி ஒருவர் வருந்தினால்தான் அந்த மரணங்களுக்கு எடை கிடைத்தது. 2014இல் அந்த எடையைத் தொழிலாளர்களே தூக்கி மேசைமேல் வைத்தார்கள். 1953இன் கார் ஷெட் முன்னால் தொடங்கிய பேச்சு அது.

இறக்கி வைப்பது

2024 ஏப்ரலில் ஒரு ட்ரோன் நிறுவனம் பேஸ் கேம்ப்பிலிருந்து முதல் முகாமுக்கு ஆக்சிஜன் உருளைகளை ஏற்றிச் சோதித்தது. ஆள் நடந்தால் ஆறு முதல் எட்டு மணி நேரம், ட்ரோன் போய்வர 12 நிமிடம் என்றது. அடுத்த ஆண்டு சீசனில் ஏணிகளும் கயிறுகளும் ட்ரோனில் போயின, குப்பை கீழே வந்தது. பனியருவிக்கு மேலே மனிதர்கள் கடக்க வேண்டிய தடவைகள் குறையும். குறைய வேண்டும். எந்தத் தொழில்நுட்பச் செய்தியிலும் எனக்கு இவ்வளவு நிம்மதி வந்ததில்லை.

ஆனால் நிம்மதியோடு கூடவே ஒரு கேள்வியும் வருகிறது. லுக்லா ஓடுபாதை வந்தபோது ஜிரி வழிக் கிராமங்களுக்கு நடந்தது, ட்ரோன் வரும்போது சுமை தூக்குபவரின் வீட்டுக்கு நடக்குமா? ஆபத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கூலியை விட்டுவைக்கும் இயந்திரம் இன்னும் வரவில்லை. உயரத்தில் வேலை செய்பவருக்கு ட்ரோன் ஓட்டப் பயிற்சியும் வேலையும் கிடைத்தால் அது ஒரு வரலாறு. கிடைக்காவிட்டால் வேறொரு வரலாறு. ட்ரோனின் மென்பொருளில் அந்த முடிவு எழுதப்பட்டிருக்காது, கூலி ஒப்பந்தத்தில்தான் எழுதப்படும்.

மலையும் தன் பங்குக்கு மாறுகிறது. டென்சிங் வளர்ந்த தாமே கிராமம் நாங்பா லாவுக்குப் போகும் பழைய உப்புப் பாதையில் இருக்கிறது. எவரெஸ்டில் அதிகமுறை ஏறிச் சாதனை வைத்திருக்கும் காமி ரிதா ஷெர்பாவும் அதே ஊர்தான். 2024 ஆகஸ்ட் 16 அன்று மேலே பனியேரி உடைந்து வெள்ளம் அந்த ஊருக்குள் புகுந்தது. உயிர்ச்சேதம் இல்லை, ஆனால் வீடுகளும் பள்ளியும் மருத்துவ நிலையமும் போயின. உருகும் பனிக்குக் காரணமான கார்பனில் அந்த ஊரின் பங்கு எவ்வளவு இருந்திருக்கும்? பிறர் மூட்டையை அவர்கள் சுமப்பது இது எத்தனையாவது தடவை என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.

கும்புவுக்குப் போகிற நண்பர்கள் என்னிடம் எந்த ஷூ, எந்த ஜாக்கெட், டயமாக்ஸ் மாத்திரை எத்தனை என்று கேட்கிறார்கள். சொல்கிறேன். கூடவே இதையும் சொல்கிறேன். பையைக் கட்டும்போது எடை போடுங்கள். தூக்குகிறவருக்குக் காப்பீடு இருக்கிறதா, கையுறையும் கண்ணாடியும் இருக்கிறதா, உயர நோய் வந்தால் அவரைத் தனியாகக் கீழே அனுப்பாமல் உங்களைப்போலவே பார்ப்பார்களா என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். பெயரைக் கேளுங்கள், இனத்தின் பெயரை இல்லை, அவர் பெயரை. அன்னுல்லுவுக்கும் ஆங் நியிமாவுக்கும் வரலாற்றில் இடம் கிடைத்தது அவர்கள் சுமந்த எடையால் இல்லை. கூட ஏறியவர்களில் யாரோ ஒருவர் பெயரைக் குறித்து வைத்தார், அதனால்தான்.